1966 மஸ்டாங்: டிரம்மை டிஸ்க்காக மாற்றச் சரியான பாகங்களைத் தேடியது

பழைய ஃபோர்டு மஸ்டாங் காரில் முன் டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் போடுவது என்றதும் எல்லோரும் முதலில் தேடுவது காலிப்பரைத்தான் (டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பாகம்). 1965, 66 மஸ்டாங்கில் அதற்கு முன்னால் வீல் நட்டை எண்ணுங்கள். நான்கு இருந்தால் அது ஆறு சிலிண்டராகப் பிறந்த வண்டி. ஐந்து என்றால் வி8. நாங்கள் எடுத்தது நான்கு நட்டு வண்டி. அதில் முன் டிரம் 9 அங்குலம், வி8-இல் 10 அங்குலம். வித்தியாசம் டிரம்மோடு முடிவதில்லை. ஸ்பிண்டில் (முன் சக்கரம் சுழலும் அச்சுப் பாகம்) வேறு, அதில் டை ராட் எண்ட் (ஸ்டியரிங் கம்பியின் முனை மூட்டு) உட்காரும் கூம்புத் துளையின் அளவு வேறு, பின் ஆக்சிலும் வேறு.

நான்கு நட்டு ஸ்பிண்டிலுக்கே டிஸ்க் மாற்றும் பாகத் தொகுப்பு (கிட்) கிடைக்கிறது. பின் ஆக்சிலைத் தொடாமல் விடுபவர்களுக்கு அது போதும். இந்த வண்டிக்கு வி8-இன் 8 அங்குலப் பின் ஆக்சில் ஏற்கெனவே தயாராக இருந்ததால் வி8 ஸ்பிண்டிலுக்குப் போனோம். அப்போது ஆறு சிலிண்டர் வண்டியின் டை ராட் ஸ்லீவில் (மரையுள்ள இணைப்புக் குழாய்) முடுக்கி வி8 ஸ்பிண்டிலில் உட்காரும் மாற்று டை ராட் எண்டைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பழைய எண்ட் பெரிய துளையில் ஆடும். ஸ்டியரிங் விஷயத்தில் அதை ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது.

அமெரிக்கப் பழைய இரும்புக் கடைகளில் 1975–80 ஃபோர்டு கிரனாடா ஸ்பிண்டில் மலிவாகக் கிடைத்த காலத்தில் பலர் அதைப் போட்டார்கள். பிரேக் நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஸ்டியரிங் ஆர்மின் நிலை மாறிவிடுவதால் மேடு பள்ளத்தில் சக்கரம் தானாகத் திரும்பப் பார்க்கும். பரிந்துரைக்க மாட்டோம்.

காலிப்பருக்கு, 1965–67 இல் தொழிற்சாலையிலேயே போட்ட கெல்சி-ஹேஸ் நான்கு பிஸ்டன் வகையைத் தேர்ந்தெடுத்தோம். பழையதை வாங்கினால் பிஸ்டனைக் கழற்றி உள்சுவரைப் பாருங்கள். துருக்குழி இருந்தால் புது சீல் போட்டாலும் கசியும். உள்சுவருக்கு ஸ்டீல் உறை (ஸ்லீவ்) போட்டதையே வாங்குங்கள். டயருக்குப் பணம் கொடுக்கும் முன் வெறும் ரிம்மை மாட்டிக் கையால் சுழற்றிப் பாருங்கள். டிரம்முக்குச் செய்த 14 அங்குல ரிம் பல காலிப்பரில் இடிக்கும். ரிம் தப்பினாலும் உட்புறம் ஒட்டும் பேலன்ஸ் எடை உரசலாம்.

அதிகம் பேர் தவறுவது மாஸ்டர் சிலிண்டரில், அதாவது பெடல் மிதியைப் பிரேக் ஆயில் அழுத்தமாக மாற்றும் பாகத்தில். 66 வரை இருந்தது ஒற்றைச் சுற்று, நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழி. எங்கே கசிந்தாலும் பெடல் தரைக்குப் போய்விடும். 67 இல் முன், பின் சக்கரங்களுக்குத் தனித்தனி வழியுள்ள இரட்டைச் சுற்று வந்தது. அந்த வகையைத்தான் போட வேண்டும். பூஸ்டர் (மிதிக்கு வலுச் சேர்க்கும் பாகம்) இல்லாத வண்டிக்கு 15/16 அங்குல போர் (உள்விட்டம்) எடுத்தோம். 1 அங்குலத்தைவிட அதே மிதிக்குச் சுமார் 14 சதவீதம் கூடுதல் அழுத்தம் தரும், பெடலும் அதே அளவு கூடுதலாக இறங்கும். இன்னொன்று: பெடலின் தள்ளுகோல் உட்காரும், மாஸ்டர் பிஸ்டனின் பின்பக்கக் குழியைப் பாருங்கள். பூஸ்டருக்கானதில் குழி ஆழம் குறைவு. அதைப் பூஸ்டர் இல்லாமல் போட்டால் தள்ளுகோல் நழுவி விழ வாய்ப்புண்டு. ஆழமான குழி உள்ளதையே கேளுங்கள்.

டிரம் மாஸ்டரில் சுமார் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் வால்வு இருக்கும். டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டருக்கு அது தேவை. டிஸ்க் பக்கம் இருந்தால் காலை எடுத்த பிறகும் பேட் ரோட்டாரை (சுழலும் டிஸ்க் தட்டு) விடாது. இதே கோளாறு தள்ளுகோலில் சிறு இடைவெளி விடாமல் இறுக்கினாலும் வரும். மாஸ்டரில் ஆயில் திரும்பும் துளை மூடியே இருக்கும், சூட்டில் ஆயில் விரியும், ஓட ஓட பிரேக் தானாகப் பிடிக்கும். நின்று ஆறியதும் சரியாகிவிடுவதால் காரணம் பிடிபடாமல் பலர் நல்ல காலிப்பரை மாற்றுகிறார்கள்.

குழாயில், மூன்று வழி பித்தளை பிளாக்கிலிருந்து பின் சக்கரக் குழாயைப் பிரித்து, அந்த வாயைப் பிளக்கால் அடைத்து, பின்பக்கத்துக்குத் தனி வழி கொடுத்தோம். அதில் திருகித் திருத்தும் வகை அழுத்தக் குறைப்பு வால்வு. டிஸ்க்குக்கு டிரம் ஹோஸைத் திரும்பப் போடாதீர்கள். ஹோஸைக் காலிப்பரில் பிடிக்கும் துளையுள்ள பேஞ்சோ போல்ட்டில், ஹோஸ் முனையின் இரு பக்கமும் புதுச் செம்பு வாஷர் வேண்டும். ஸ்டியரிங்கை இரு முனைக்கும் திருப்பி, சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஹோஸ் இழுபடுகிறதா, உரசுகிறதா என்று பாருங்கள்.

குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது (ஏர் எடுக்கும்போது) எவ்வளவு மிதித்தாலும் பெடல் பஞ்சாகவே இருந்தால் காலிப்பர் இடம் வலம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏர் திருகு மேலே இருக்க வேண்டும், கீழே இருந்தால் காற்று ஒருபோதும் வெளியே வராது. மாஸ்டரை வண்டியில் ஏற்றும் முன்பே வைஸில் பிடித்து ஏர் எடுத்துவிடுங்கள். பிறகு மாஸ்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து கிட்டத்துக்கு வர வேண்டும். பிரேக் ஆயில் டாட் (DOT) 3 அல்லது 4 வகை. சிலிக்கோன் டாட் 5-ஐக் கலக்கவே கூடாது.

கடைசி வேலை அந்தப் பின் வால்வு. ஆளில்லாத நேர்ச்சாலையில் மெதுவான வேகத்தில் அழுத்தி மிதியுங்கள். பின் சக்கரம் முதலில் பூட்டினால் (சுழலாமல் வழுக்கினால்) பின் அழுத்தத்தைக் கால் சுற்றுத் திருகிக் குறைத்து மறுபடி பாருங்கள். முன் சக்கரம் முதலில் பூட்டும் இடத்தில் நிறுத்தி, அந்த நிலையைப் பெயிண்ட்டால் குறித்துவையுங்கள்.