தேன் குப்பியின் மேல் ஒட்டிய முகவரி

மார்த்தாண்டத்துக்கு மேற்கே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் அப்பா 120 தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறார். ஆண்டுத் தொடக்கத்தில் ரப்பர் இலை உதிர்ந்து புதுத் துளிர் விடும்போது இலைக்காம்பில் ஊறும் இனிப்புநீரைத்தான் எங்கள் தேனீக்கள் சேர்க்கின்றன. பூவைவிட இலையே எங்களுக்குப் படியளக்கிறது. அந்தப் பருவத்துத் தேனைக் கேனில் அளந்து மொத்த வியாபாரிக்குக் கொடுப்பதோடு அப்பாவின் கணக்கு முடிந்துவிடும். அதைக் குப்பியில் அடைத்து, லேபிள் ஒட்டி, எங்கள் பெயரிலேயே விற்பது என்று நான் முடிவெடுத்த பிறகு, பெட்டிகளைப் பார்க்கும் நேரத்துக்குச் சமமாக ஆவணங்களைப் பார்க்கும் நேரமும் வேண்டியிருந்தது. அந்த ஆவணங்களை இணையத்தில் பகிரவும், ஒரு வெப்சைட்டைக் கையில் வைத்து நடத்தவும் நான் பட்ட பாடு, என்னைப் போல் சிறுதொழில் செய்கிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். 1956 நவம்பர் 1-ஆம் தேதிக்கு முன்பு இரு பக்கமும் ஒரே அரசின் கீழ் இருந்த மண் இது; எங்கள் தேனை அதிகம் வாங்குபவர்களும் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கடைக்காரர்களே. ஆனால் ஜிஎஸ்டி சட்டத்துக்குப் பாறசாலை வேறு மாநிலம். 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி, வரிக்குரிய சரக்கை மாநில எல்லை தாண்டி விற்பவர், அவருடைய ஆண்டு விற்பனை எவ்வளவு சிறியதாக இருந்தாலும், பதிவு எடுத்தே ஆக வேண்டும். சிறு வியாபாரிகள் எளிய முறையில் வரி கட்டுவதற்கான காம்போசிஷன் திட்டத்திலும் அவர் சேர முடியாது. குப்பியில் அடைத்து லேபிள் ஒட்டிய தேனுக்கு வரி 5 சதவீதம். நாகர்கோவிலுக்குப் போனால் அது இரண்டரை இரண்டரையாக மத்திக்கும் மாநிலத்துக்கும் பிரியும், பாறசாலைக்குப் போனால் ஐஜிஎஸ்டி என்ற ஒரே வரியாக நிற்கும். ஆகவே அங்குள்ள ஒவ்வொரு கடைக்காரரும் முதல் சரக்கு எடுக்கும்முன் எங்கள் ஜிஎஸ்டி சான்றிதழ், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் உள்ள சான்று, ஆய்வுக்கூட அறிக்கை மூன்றையும் கேட்பார்.

ஆய்வு அறிக்கையைக் கேட்பதில் நியாயம் உண்டு. 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல், சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளின் தேனை ஆராய்ந்து, என்எம்ஆர் என்ற நுட்பமான சோதனையில் மூன்று பிராண்டுகள் மட்டுமே தேறின என்று அறிவித்த பிறகு, தேனில் சர்க்கரைப் பாகு கலந்திருக்குமோ என்ற கேள்வி சின்னக் கடைக்கும் வந்துவிட்டது. ஒவ்வொரு முறை தேன் எடுக்கும்போதும் ஒரு மாதிரியை ஆய்வுக்கு அனுப்புகிறேன். அறிக்கையில் நான் முதலில் பார்ப்பது ஈரப்பதம். 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. ரப்பர்த் தேனுக்கு நீர்ச்சத்து அதிகம் என்பதால், தேனீக்கள் அடையை மெழுகால் முழுவதும் மூடும் முன்பே அவசரப்பட்டு எடுத்தால் சில மாதங்களில் குப்பிக்குள் புளித்து நுரை கட்டிவிடும்.

இந்த மூன்று ஆவணங்களையும் வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்ப அனுப்பிச் சலித்து, கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டர் திறந்து, அதன் இணைப்பை எல்லோருக்கும் கொடுத்தேன். முதல் தவறு அங்கே நடந்தது. ‘இணைப்பு உள்ள எவரும்’ என்பதைத் தேர்ந்தெடுத்தபோது, பக்கத்தில் ‘பார்ப்பவர்’ என்பதற்குப் பதிலாகத் ‘திருத்துபவர்’ என்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. அதைவிடப் பெரிய விஷயம், ஃபோல்டரைப் பகிர்ந்தால் பின்னால் அதற்குள் போடும் எல்லாமே தானாகப் பகிரப்பட்டுவிடும் என்பது எனக்குத் தெரியாது. சில மாதங்கள் கழித்து, வங்கிக் கடனுக்காக ரத்து செய்த காசோலையையும் என் ஆதார் நகலையும் அதே ஃபோல்டரில் போட்டு வைத்தேன். நெய்யாற்றின்கரைக் கடைக்காரர் ஒருவர்தான் போனில் அழைத்து, “சேச்சி, உங்க செக்கும் ஆதாரும் இதுல கிடக்குதல்லோ” என்றார். அவர் சொல்லியிராவிட்டால் இன்னும் எத்தனை நாள் அது திறந்து கிடந்திருக்குமோ என்று நினைக்க இப்போதும் மனம் பதறுகிறது.

அன்றைக்கே அந்தப் பகிர்வை நிறுத்தினேன். இப்போது கடைக்காரர்களுக்கான ஃபோல்டரில் மூன்று ஆவணங்களைத் தவிர வேறெதுவும் இருக்காது. அதையும் பார்க்க மட்டுமே முடியும். மாத பில்கள் வேறு ஃபோல்டரில், இணைப்பு மூலம் அல்லாமல், ஆடிட்டர் அலுவலகத்தின் மின்னஞ்சலுக்கு மட்டும் பகிரப்பட்டிருக்கின்றன; 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்குப் படிவத்தைப் போட வேண்டியிருப்பதால் அவர்கள் அங்கேயே எடுத்துக்கொள்கிறார்கள். காசோலை, ஆதார் இரண்டும் யாருக்கும் பகிராத ஃபோல்டருக்குப் போய்விட்டன. திருத்தும் உரிமை பெற்றவர் சாதாரணமாக மற்றவர்களுக்கும் பகிர முடியும் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். அந்த வசதியை உரிமையாளர் அமைப்புகளில் போய் நிறுத்தலாம்.

இரண்டாவது தவறு பணத்தையும் தின்றது. வாடிக்கையாளர் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டே அறிக்கையைப் பார்க்கட்டும் என்று, டிரைவ் இணைப்பைக் கியூஆர் குறியாக்கி 2,000 லேபிள்கள் அச்சடித்தேன். அடுத்த மாதம் ஆய்வுக்கூடம் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திப் புதிய அறிக்கை அனுப்பியது. பழைய ஃபைலை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றினேன். இணைப்பு மாறிவிட்டது, லேபிளில் இருந்த சதுரம் எங்கேயும் போகாத வழியானது. அழிக்காமல், பதிப்புகளை நிர்வகிக்கும் பகுதியில் புதிய பதிப்பாக ஏற்றியிருந்தால் அதே இணைப்பு நிலைத்திருக்கும். அந்த மாதத்துக் குப்பிகள் அதற்குள் கடைகளுக்குப் போய்விட்டன. மீதி 1,300 லேபிள்களின் மேல் இரண்டு இரவுகள் உட்கார்ந்து, நானும் அம்மாவும் புதுக் கியூஆர் ஒட்டினோம். அச்சில் ஏறும் முகவரி எப்போதும் நம் சொந்த டொமைனில், அதாவது நம் பெயரில் பதிவு செய்த இணைய முகவரியில், இருக்க வேண்டும், அதற்குப் பின்னால் ஃபைல் எங்கே இருந்தாலும் நாமே மாற்றிக்கொள்ளலாம் என்பது அந்த வேலையின்போது உறைத்தது.

சொந்த டொமைன் என்று நான் நம்பியிருந்தது சொந்தமாக இல்லை என்பது அதற்குப் பிறகே தெரிந்தது. பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் வெப்சைட் செய்து கொடுத்திருந்தார். டாட் காம் முகவரியைத் தன் மின்னஞ்சலிலேயே, தன் கணக்கிலேயே பதிவு செய்திருந்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வேலை சுலபமாக முடிய அப்படிச் செய்தார். பிறகு அவர் வளைகுடாவுக்குப் போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவிப்புகள் அவருடைய பழைய மின்னஞ்சலில் கிடந்தன. ஒரு நாள் காலையில் எங்கள் பக்கம் இருந்த இடத்தில் வேறு யாரோ வைத்த விளம்பரங்கள் தெரிந்தன.

காலாவதியான டாட் காம் பெயர் உடனே கைவிட்டுப் போய்விடாது. பதிவு நிறுவனத்தைப் பொறுத்துச் சில வாரங்கள் சாதாரணக் கட்டணத்தில் புதுப்பிக்க இடம் உண்டு, அதற்குப் பின் 30 நாள்கள் மிகக் கூடுதல் கட்டணத்தில் மீட்கலாம், அதையும் விட்டால் யாரும் வாங்கிக்கொள்ளலாம். எங்களுக்கு முதல் கட்டத்திலேயே வழி கிடைத்தது. அந்தத் தம்பியின் அக்காவிடம் எண் வாங்கிப் பேசினேன். அவர் அன்றிரவே புதுப்பித்து, டொமைனை வேறு கணக்குக்கு மாற்றவிடாமல் தடுக்கும் பூட்டைத் திறந்து, மாற்றுக் குறியீட்டை அனுப்பினார். நான் என் பெயரில் கணக்குத் திறந்து, அந்தக் குறியீட்டைக் கொடுத்து டொமைனை என்னிடம் கொண்டுவந்தேன். ஆனால் டொமைனுக்கு வருவதை எங்கே அனுப்ப வேண்டும் என்று சொல்லும், பழைய கணக்கில் இருந்த டிஎன்எஸ் பதிவுகளை, குறிப்பாக மின்னஞ்சலுக்கான எம்எக்ஸ் பதிவை, முன்பே நகல் எடுத்து வைக்காததால், இரண்டு நாள்கள் எங்கள் முகவரிக்கு எந்த மின்னஞ்சலும் வரவில்லை. அந்த இரண்டு நாள்களில் திருவனந்தபுரத்திலிருந்து ஓர் ஆர்டர் வந்து திரும்பிப் போயிருந்தது. மாற்றும் முன் அந்தப் பக்கத்தை ஒரு படமாவது பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிரவுசரில் பூட்டுச் சின்னம் காட்டும் வெப்சைட் பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஆண்டுதோறும் பணம் கட்டச் சொல்லியிருந்தார்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகத் தருகிறது, வெப்சைட்டுக்கு இடம் தரும் பெரும்பாலான ஹோஸ்டிங் நிறுவனங்களில் அது தானாகவே புதுப்பித்துக்கொள்கிறது. பக்கங்களை எழுதுவதில்தான் நாள் கழிந்தது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள், விற்பவரின் பெயர், முகவரி, குறைகேட்கும் அலுவலரின் தொடர்பு எல்லாம் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்கின்றன. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததாகத் தெரிவிக்க வேண்டும். அந்த அலுவலர் எங்கள் வீட்டில் நான்தான். பணம் திருப்பித் தரும் விதியைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதினேன், ஏனென்றால் குப்பி உடைந்து போய்ச் சேர்ந்தால் முதலில் அதைத் தேடிப் படிப்பவர் எந்தப் பக்கத்துக்காரர் என்று முன்கூட்டித் தெரியாது.

இந்தப் பருவத்து லேபிளில் உள்ள சதுரம் எங்கள் டொமைனுக்கே போகிறது. ஒவ்வொரு முறை எடுத்த தேனின் தொகுதி எண்ணுக்கும் ஒரு பக்கம், அதில் தேன் எடுத்த தேதி, தோட்டம், அறிக்கை. டொமைன் முடியும் தேதியை, தேனெடுப்புக் கணக்கு எழுதும் அப்பாவின் நோட்டிலேயே முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். கணக்கை மீட்கும் போன் எண்ணாக அம்மாவின் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். போன வாரம் பாறசாலையில் ஒரு புதுக் கடையில் சரக்கு இறக்கியபோது, கடைக்காரர் போனைக் குப்பியின் மேல் பிடித்து, திரையைப் பெரிதாக்கி, ஈரப்பதம் 19.2 என்று வாய்விட்டுப் படித்தார். பிறகு அட்டைப் பெட்டியைப் பிரித்து அலமாரியில் அடுக்கத் தொடங்கினார்.