லெங்பெர்க் கோட்டையின் லினன்

“பிரா பிறந்தது 1914இல்” என்றொரு பகிர்வு இன்றும் கண்ணில் பட்டது.

அது அமெரிக்காவில் மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் காப்புரிமை பெற்ற ஆண்டு. அவ்வளவுதான்.

ஆஸ்திரியாவின் கிழக்கு டைரோலில் லெங்பெர்க் கோட்டையைப் புதுப்பித்தபோது, 2008இல், வளைவுக் கூரைக்கு மேல் கொட்டி நிரப்பியிருந்த குப்பையில் 2,700க்கும் மேற்பட்ட துணித்துண்டுகள் கிடைத்தன. ஈரம் படாததால் மட்கவில்லை. இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகத்தின் பியாட்ரிக்ஸ் நுட்ஸ் ஆராய்ந்தார். துணியின் வயதைச் சொல்லும் கார்பன் காலக்கணிப்பு 15ஆம் நூற்றாண்டு என்றது.

அவற்றில் நான்கு, பிரா போன்றவை. ஒன்றின் தையலைக் கவனியுங்கள்: ஒவ்வொரு கப்புக்கும் இரண்டு லினன் துண்டுகள், நடுவில் மேலிருந்து கீழாக ஒரே தையல். துணி விலாவின் அடிவரை இறங்குகிறது. இடப்பக்கம் ஆறு துளைகள், கயிறு கோத்து இறுக்க. உடம்போடு ஒட்டி நிற்பதற்கான வெட்டு இது, அசல் தையல்காரர் வேலை!

இது ஏன் இவ்வளவு காலம் தெரியவில்லை?

பட்டுத்துணியையும் சரிகையையும் பத்திரப்படுத்தினார்கள். உள்ளாடையை நையும்வரை உடுத்தி, பிறகு கந்தலாக்கினார்கள். அன்றைய ஐரோப்பாவில் காகிதம் செய்யவே லினன் கந்தல்தான் மூலப்பொருள். பழந்துணியில் பெரும்பகுதி அந்தக் கூழில் கரைந்துபோனது.