லிஸ்பன் பழைய நகரில் வாடகை வீடு எடுக்கும் முன்

ஆறேழு பேராகக் குடும்பத்தோடு ஐரோப்பா கிளம்பினால், ஓட்டலில் மூன்று அறை போடுவதைவிட ஒரு வீட்டை வாரக்கணக்கில் எடுப்பது தோது. சமையல் நம் கையில் இருக்கும், பிள்ளைகள் கண்ணெதிரில் இருப்பார்கள். கீழக்கரை, மண்டபம், ராமநாதபுரம் பக்கத்துக் குடும்பம் என்றால் கூடவே அப்பத்தாவோ உம்மம்மாவோ வருவார்கள். அதனால் போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பன் மாதிரி பழைய ஊரில் வீடு தேடும்போது ஆறு தெரியும் பால்கனியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வண்டி நிற்கும் இடத்திலிருந்து கட்டில் வரை எத்தனை படி ஏற வேண்டும் என்பதை முதலில் கேளுங்கள்.

1755 நவம்பர் 1 நிலநடுக்கத்தில் லிஸ்பனில் பெரும்பகுதி விழுந்தபோது, பாறைமேல் இருக்கும் அல்ஃபாமா என்ற பழைய பகுதி தப்பியது. அதனால்தான் அந்தச் சந்துகளும் படிக்கட்டுகளும் இன்னும் பழையபடியே இருக்கின்றன. பார்க்க அழகு, பெட்டியோடு போய்ச் சேர்வது பாடு. பல சந்துகளின் முகப்பில் தரையிலிருந்து எழும் தூண் வைத்திருக்கிறார்கள். அனுமதி உள்ள வண்டிக்குத்தான் அது இறங்கும். டாக்ஸி கீழேயே இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து நடைபாதை முழுக்கக் கைப்பிடிக்குள் அடங்கும் வெள்ளைச் சுண்ணாம்புக்கல் பதித்தது. காலடி பட்டுப் பட்டு மேல்பக்கம் வழவழப்பாகிவிட்டதால் லேசான தூறலுக்கே வழுக்கும். பெட்டியின் சின்னச் சக்கரம் கல்லிடுக்கில் மாட்டி அச்சோடு உடையும். ஆளுக்கு ஒரு பெரிய பெட்டிக்குப் பதில் தோளில் மாட்டும் பை நல்லது. ரப்பர் செருப்பை வீட்டுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நிலநடுக்கத்துக்குப் பிறகு, ஊரை மீண்டும் எழுப்பிய அமைச்சர் பொம்பால் பிரபு காலத்தில் புதிதாகக் கட்டிய பைஷா பகுதி சமதரை. ஆட்டத்தைத் தாங்குவதற்காக அந்தக் கட்டடங்களின் சுவருக்குள் மரச்சட்டங்களைக் கூண்டு போலப் பின்னியிருக்கிறார்கள். தளமும் பெரும்பாலும் மரம்தான். மேலே பிள்ளைகள் ஓடினால் கீழ்வீட்டுக்கு அப்படியே கேட்கும். இரவு 11 முதல் காலை 7 வரை அங்கே சட்டப்படி அமைதி நேரம், போலீஸுக்குப் புகார் போகும். நாலைந்து மாடி இருந்தும் லிஃப்ட் இல்லாத கட்டடங்கள் நிறைய. லிஃப்ட் இருந்தாலும் படிக்கட்டின் நடுவே பிற்பாடு பொருத்திய குட்டி லிஃப்டாக இருக்கலாம். எத்தனை பேர் ஏறலாம், எந்த மாடி வரை போகும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முதியவர் கூட வந்தால் என் யோசனை அவெனிதாஸ் நோவாஸ் பகுதிதான். இருபதாம் நூற்றாண்டுக் கட்டடங்கள், லிஃப்ட் கிடைக்கும். விமான நிலையத்திலிருந்து சிவப்புத் தடம் மெட்ரோ வண்டி மாறாமல் சல்தான்யா, சாவ் செபஸ்தியாவ் நிலையங்களுக்கு வரும். லிஸ்பன் மத்தியப் பள்ளிவாசலும் சாவ் செபஸ்தியாவிலிருந்து நடக்கும் தூரம். அல்ஃபாமாவைப் பகலில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

வீடு பிடித்துவிட்டால் உரிமத்தைப் பாருங்கள். போர்ச்சுகலில் சுற்றுலா வாடகை வீட்டுக்குப் பதிவு எண் கட்டாயம். எண்ணுக்குப் பின்னால் ஏஎல் (AL) என்று இருக்கும். விளம்பரத்தில் அது இல்லையென்றால் வேறு வீடு பாருங்கள். அந்த எண்ணை அரசின் சுற்றுலாப் பதிவேட்டுத் தளத்தில் போட்டால் முகவரியும், அதிகபட்சம் எத்தனை பேர் தங்கலாம் என்பதும் வரும். ஆறு பேர் வீட்டுக்கு எட்டுப் பேர் போய் நின்று "சின்னப்பிள்ளைகள்தானே" என்று சொல்வது அங்கே எடுபடாது, வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். கைக்குழந்தையையும் சேர்த்து முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பாஸ்போர்ட் விவரம் கேட்டால் பயப்பட வேண்டாம். வெளிநாட்டு விருந்தினரை அரசுக்குத் தெரிவிப்பது வீட்டுக்காரரின் சட்டக் கடமை. வாடகை இணையதளத்துக்கு வெளியே வாட்ஸ்அப்பில் வங்கிக் கணக்கை அனுப்பி, "இங்கே போட்டால் விலை குறைவு" என்று வந்தால் அதோடு பேச்சை நிறுத்திவிடுங்கள்.

ஷெங்கன் விசாவுக்கு, அதாவது போர்ச்சுகலும் சேர்ந்த ஐரோப்பிய நாடுகளின் பொது விசாவுக்கு, தங்குமிடச் சான்று வேண்டும். வாடகைத் தளத்தின் ரசீதில் பெரும்பாலும் பதிவு செய்தவர் பெயர் மட்டுமே இருக்கும். எல்லார் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே வருமாறு வீட்டுக்காரரிடம் ஒரு கடிதம் வாங்கிச் சேருங்கள். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து 15 நாள் முன்புவரை கொடுக்கலாம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். விசா கைக்கு வரும்வரை, இலவசமாக ரத்து செய்யக்கூடிய வீட்டை மட்டும் பிடித்து வையுங்கள்.

நம் ஆட்கள் அதிகம் திணறுவது குளியலறையிலும் அடுப்படியிலும்தான். குளியலறைத் தரையில் பெரும்பாலும் தண்ணீர் போக வழி இருக்காது, வடிகால் ஷவர் தொட்டிக்குள் மட்டும். வாளியில் மொண்டு ஊற்றிக் குளித்தால் மரத்தளம் வழியாகக் கீழ்வீட்டுக் கூரையில் இறங்கும், முன்பணம் போய்விடும். வெந்நீர் தொட்டி 50 லிட்டர் என்றால் வரிசையாக நாலாவது ஆளுக்குப் பச்சைத் தண்ணீர்தான். நடுவே அரை மணி, முக்கால் மணி இடைவெளி விடுங்கள். பழைய வீடுகளில் மின் இணைப்பின் திறனே 3.45 கேவிஏ (kVA) அளவுக்குத்தான் இருக்கலாம். குளிர்காலத்தில் ஹீட்டர், கெட்டில், துவைக்கும் இயந்திரம் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் மெயின் விழும். மறுபடி தூக்கிவிடும் பெட்டி எங்கே இருக்கிறது என்று சாவி வாங்கும்போதே கேளுங்கள். நம் செல்போன் சார்ஜரின் இரட்டைக் குச்சி நுழையும், மூன்று குச்சி பிளக் நுழையாது.

அடுப்பு இண்டக்‌ஷனா, கண்ணாடி மின்னடுப்பா என்று கேளுங்கள். இண்டக்‌ஷனில் மண்சட்டியும் அலுமினியமும் சூடாகாது. காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் வேண்டும். கடுகு, மிளகாய் தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். பல வீடுகளில் அடுப்புக்கு மேலிருக்கும் விசிறி புகையை வெளியே தள்ளாமல் வடிகட்டித் திரும்ப உள்ளேயே விடும், புகை அலாரம் அலறிவிடும். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம். குடம் இவ்வளவு என்று வாங்கிப் பழகிய நமக்கு அதுவே பெரிய மிச்சம்.

ஊரிலிருந்து எடுத்துப் போவதில் ஒரு கணக்கு இருக்கிறது. இறைச்சி, பால் பொருள் எதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பையில் கொண்டுபோகக்கூடாது, நெய்யும் பால்கோவாவும் அதில் சேர்த்தி. தாவரச் சான்று (பூச்சி, நோய் இல்லை என்ற அரசுச் சான்று) இல்லாமல் கறிவேப்பிலையும் கூடாது. தேங்காய்க்கு அந்தச் சான்று தேவையில்லை. மீனுக்கு ஆளுக்கு 20 கிலோ வரை விலக்கு உண்டு, கருவாடும் அதில் அடக்கம். காற்றுப் புகாமல் இரண்டு உறை போட்டுக் கட்டுங்கள், ஆனால் அடுத்த வீட்டுக்காரரை நினைத்து வறுக்காமல் குழம்பாக வையுங்கள். கீழக்கரைத் தொதல் தேங்காய்ப்பாலில் கிண்டியது, நெய் சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். அரிசி, பருப்பு, மசாலாவைச் சுமக்க வேண்டாம். லிஸ்பனில் மார்த்திம் மோனிஸ் சதுக்கத்தின் பக்கம் தெற்காசியக் கடைகள் நிறைய, ஹலால் கறியும் கிடைக்கும்.

ஜூன் 14-ம் தேதி வரை நம் கடலில் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக் குடும்பங்களுக்கு ஓய்வான, பயணத்துக்குத் தோதான நேரம். ஆனால் ஜூன் 12 இரவு லிஸ்பனில் புனித அந்தோணியார் திருவிழா. அல்ஃபாமா முழுக்கச் சந்துக்குச் சந்து மத்தி சுட்டு விடியவிடியப் பாட்டு. தூங்க நினைப்பவர்கள் அந்த வாரம் அங்கே வீடு எடுக்கக்கூடாது.

வாடகைக்கு மேல் நகர வரி, 13 வயதிலிருந்து ஆளுக்கு ஓர் இரவுக்கு 4 யூரோ, அதிகபட்சம் ஏழு இரவு. ஆறு பெரியவர் ஒரு வாரம் தங்கினால் 168 யூரோ. ஏர்பிஎன்பி (Airbnb) வாடகைத் தளத்தில் வாடகையோடு சேர்த்தே எடுத்துவிடுவார்கள். வேறு தளமென்றால் கையில் கேட்கலாம், ரசீது வாங்குங்கள். துப்புரவுக் கட்டணம் எத்தனை நாள் தங்கினாலும் ஒரே தொகை என்பதால் இரண்டு இரவுக்கு வீடு எடுப்பது கட்டுப்படியாகாது.

கிளம்பும் நாளில் குப்பையைப் பிரித்துப் போடுங்கள்: பிளாஸ்டிக்கும் டப்பாவும் மஞ்சள் தொட்டி, காகிதம் நீலம், கண்ணாடி பச்சை. உள்ளே நுழைந்த அன்றே சுவர், தளம், குளியலறையை வீடியோ எடுத்து அப்போதே வாடகை இணையதளத்தின் செய்திப் பெட்டியில் அனுப்பியிருந்தால், பழைய கீறலுக்கு உங்களிடம் பணம் கேட்டால் காட்ட ஆதாரம் இருக்கும்.