மாரி வெள்ளத்தில் ஊதிய இறாக்கைகள்

கார்த்திகை மாரிக்குத் திருகோணமலை மத்திய வீதியில் வெள்ளம் நிற்பது புதினமில்லை. எங்கள் புடைவைக் கடைக்குள் அது ஏறியது ஒரே ஓர் இரவுதான், அதுவும் நாலு விரல் உயரம். துணிக்குப் பெரிய சேதமில்லை. ஆனால் விடியக் கடையைத் திறந்து பார்த்தால், துணி அடுக்குகிற இறாக்கைகளின் அடிப்பக்கம் தேத்தண்ணீரில் தோய்த்த றஸ்க் மாதிரி ஊதியிருந்தது. விரலால் அழுத்தினேன், உள்ளே போனது. தேக்குக் கோடு போட்ட மேல்தாள் சுருண்டு, உள்ளேயிருந்த தவிட்டு நிறம் வெளியே தெரிந்தது.

2017இல் கடையைப் பெருப்பித்தபோது கொழும்பில் செய்வித்து லொறியில் இறக்கியவை அவை. எம்.டி.எஃப். பலகை. மர நாரைப் பசையோடு சேர்த்துச் சூட்டில் அமுக்கிச் செய்வது. ஈரம் குடித்தால் நார் ஊதும், காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. கடற்காற்றுள்ள ஊரில் ஆறு மாரி தாங்கியதே பெரிது என்று இப்போது தோன்றுகிறது.

எறிவோம் என்றால் எங்கே எறிவது? பழைய இரும்புக்காரர் திரும்பியும் பார்க்கவில்லை. விறகுக்குக் கேட்டு வந்தவரை நானே மறித்தேன். பசையும் மேல்தாளும் எரிந்து வருகிற புகை அடுப்படியில் நிற்பவருக்குக் கூடாது. கடைக்குப் பின்னால் அடுக்கி வைத்தோம். உடுப்புப் போட்டுக் காட்டுகிற பொம்மைகள் சுற்றி வந்த பொலித்தீனும், ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பலகையும் பக்கத்தில் கிடந்தன. மூன்றாம் நாள் காலையில் அங்கே மான் நின்றது. ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை, வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன்: இங்கே புள்ளிமான்கள் ஃபிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் ரோட்டிலும் மாடு மாதிரித் திரியும், குப்பையில் கிடக்கிற பொலித்தீனையும் தின்னும். அந்த மானின் வாயில் முழ நீளத்துக்குப் பொலித்தீன் தொங்கியது. நான் கிட்டப் போக, அதையும் இழுத்துக்கொண்டே ஓடிவிட்டது.

இந்த வகைச் சாமானை இனிக் கடைக்குள் ஏற்றுவதில்லை என்று அன்றைக்கு நினைத்தேன். நினைத்ததும் நேரே போய் ஒரு பிழை விட்டேன். இணையத்தில் பார்த்துவிட்டு, பிள்ளைகளின் உடுப்புப் பகுதிக்கு அட்டையில் செய்த தட்டுகள் எடுப்பித்தேன். பார்க்க நல்ல வடிவு, திரும்பப் பயன்படுத்திய அட்டை என்று எழுதியும் இருந்தது. மூன்று கிழமை. மாரி ஈரத்தில் நடுவால் வளைந்து, கடைசியில் ஒரு பக்கம் குந்திவிட்டது. குளிரூட்டிய கடைக்கு அது சரிவரலாம், வாசல் திறந்தே கிடக்கிற எங்கள் கடைக்குச் சரிவராது.

அதற்குப் பிறகுதான் கிண்ணியாவிலிருந்து மரவேலை செய்கிற ஓடாவி நானா வந்தார். எங்கள் வீட்டுப் பலாவைத் தறித்து இறாக்கை செய்யலாமா என்று கேட்டேன். “தம்பி, பலா, ஈரப்பலா, பெண்பனை மூண்டும் அனுமதி எடுக்காமத் தறிக்கேலாது. அதை விடுங்க. உங்கட வாப்பா காலத்து இறாக்கை எங்க?” என்றார். அப்பாவின் இறாக்கைகள் களஞ்சிய அறையில் கிடந்தன, மேலே பழைய கணக்குக் கொப்பிகளோடு. முதிரைச் சட்டம், வேப்பம் பலகை. கடையைப் பெருப்பித்தபோது பழைய பாணி என்று நான்தான் தூக்கிப் போட்டேன். நானா சீவுளியை எடுத்து ஒரு பலகையின் கறுப்பை நாலு இழுப்பு இழுத்தார். உள்ளே சிவப்பு மரம் புதிதாக இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அவர் காட்டிய முக்கியமான விஷயம் மூட்டு. கொழும்பு இறாக்கையில் எல்லா மூலையும் பசையும் குச்சி ஆணியும். ஒரு பலகை பழுதானால் முழுவதையும் உடைக்க வேண்டும். அப்பாவின் இறாக்கையில் பொழிந்த துளைக்குள் செருகிய மூட்டும் மர முளையும், தட்டினால் கழன்று வரும். எந்தப் பொருளில் செய்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள், கழற்ற முடியுமா என்று கேட்பவரைக் காணோம். புதிதாகச் செய்த எதிலும் திருகாணியும் போல்ற்றும் மட்டும் போடச் சொன்னேன், பசை ஒரு சொட்டும் இல்லை.

உடுப்புக் கொழுவுகிற சட்டங்களுக்கும் அதே கதை. பழையவை பெயின்ற் பூசிய இரும்பு, வெல்டிங் வைத்த இடமெல்லாம் துருப் பிடித்து வெள்ளைச் சட்டையில் கறை இறங்கியது. இப்போது நாகப் பூச்சுள்ள கல்வனைஸ் பைப்பும் கிளாம்பும். வெல்டிங் இல்லாததால் பூச்சு எரியவில்லை, வேண்டிய நேரம் நீட்டலாம், குறைக்கலாம். இறாக்கைகளின் காலுக்கும் அதே பைப்பை ஒன்பது அங்குலத்துக்கு வைத்தோம். வெள்ளம் வந்தால் கீழால் போகட்டும். கறையானுக்குக் கழிவு எண்ணெய் பூசுவோம் என்று நானா சொன்னார். துணிக்கடையில் அந்த மணம் நிற்காதா? அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

பலகை போதாமல் போன இடத்துக்கு ஹாட்வெயாரில் கழித்த, சாமான் அடுக்கி இறக்குகிற மரப் பெலட் வாங்கினோம். இதில் ஒன்று கவனியுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற பெலட்டில் கோதுமைக் கதிர்ப் படத்தோடு ஒரு முத்திரை சுட்டிருக்கும். அதில் எச்.டி. (HT) என்றிருந்தால் சூட்டில் பதப்படுத்தியது. எம்.பி. (MB) என்றிருந்தால் மெதைல் புரோமைட் வாயு அடித்தது. அது நஞ்சு, ஓசோன் படலத்துக்கும் கேடு. பிள்ளைகளின் உடுப்பு வைக்கிற இடத்துக்கு எச்.டி. மட்டும் எடுத்தேன். முத்திரையே இல்லாதவற்றை, கடைக்காரர் சும்மா தருகிறேன் என்றும், தொடவில்லை.

கடகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். துவாய், பெனியன், கைலேஞ்சி வைக்கப் பிளாஸ்டிக் கூடைக்குப் பதிலாக, மூதூர்ப் பக்கம் பின்னுகிற அம்மா ஒருவரிடம் பனையோலைக் கடகம் இருபது சொன்னோம். முதல் கிழமையே ஓலை நுனி பட்டு இரண்டு சால்வையில் நூல் இழுபட்டது. பழைய பருத்திச் சேலையை வெட்டி உள்ளே தைத்துவிட்டோம், சரியாகிவிட்டது. மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும், வெயில் கண்ட நாளில் வெளி விறாந்தையில் காய வைக்க வேண்டும். ஒருநாள் அப்படிக் காய வைத்ததில் ஒன்றின் விளிம்பை மான் கடித்துப் போட்டது. பொலித்தீனுக்கு இது எவ்வளவோ மேல், நான் கலைக்கவில்லை.

விலை எழுதத் தட்டு விளிம்பில் கரும்பலகைப் பெயின்ற் அடித்தது இன்னொரு பிழை. சோக்குத் தூள் கறுப்புக் காற்சட்டை எல்லாவற்றிலும். அழித்துவிட்டுச் சட்டத்தில் வெட்டுப் போட்டு அட்டை செருகினோம்.

லைட் விஷயத்தில் எனக்குச் சூழல் அக்கறை இருந்தது என்று சொன்னால் பொய். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதம். பில் வந்த அன்றே மாற்றினேன். உள்ளேயிருக்கிற சோக் (choke) சேர்த்து 45 வாட் இழுக்கிற ரியூப் லைட் பன்னிரண்டும் 50 வாட் ஹலஜன் ஆறும் இருந்தன, மொத்தம் 840 வாட். இப்போது 18 வாட் எல்.இ.டி. எட்டு, 7 வாட் ஆறு, மொத்தம் 186. ஹலஜனின் சூடு போனதில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற பட்டும் சூடாவதில்லை. பழைய ரியூப்களுக்குள் பாதரசம் உண்டு, உடைக்கக்கூடாது. அவை வந்த பெட்டியிலேயே கட்டிப் பரணில் வைத்திருக்கிறேன்.

முழுச் செலவும் புது எம்.டி.எஃப். இறாக்கைக்குக் கேட்ட விலையில் முக்கால்வாசி ஆனது. நானாவின் கூலிதான் அதில் பெரிது. நாளும் கூட எடுத்தது, ஏழு கிழமை. கண்ணாடிநார்ப் பொம்மைகள் ஐந்தையும் வைத்துக்கொண்டேன். பிளாஸ்டிக் என்பதற்காக நல்ல பொம்மையை எறிந்துவிட்டு மரத்தில் புதிதாக வாங்கச் சொன்னார் ஒருவர், எனக்கு அது விளங்கவில்லை. ஒன்றின் கை மட்டும் உடைந்தது, அதற்கு நீளக்கைச் சட்டை போட்டு நிறுத்தியிருக்கிறோம்.

காசு மேசையும் உடுப்பு மாற்றும் அறைக் கதவும் இன்னும் பழைய எம்.டி.எஃப்.தான். கதவின் அடிப்பக்கம் ஊதி, மூடும்போது நிலத்தில் உரசுகிறது. நானா தீபாவளி வியாபாரம் முடிய வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் கதவைக் கொஞ்சம் தூக்கி மூடச் சொல்லி வாடிக்கையாளருக்கு ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன்.