அறுபது நாள் கெடு இருக்கிறது, சரி. யார் எண்ணுகிறார்கள்?

ஃபோன் ஒட்டுக்கேட்பு பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் "இதுக்கெல்லாம் ஒரு காலக்கெடு வைக்கணும் சார்" என்பார். கெடு ஏற்கெனவே இருக்கிறது. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தை வைத்துக்கொண்டு அரசு இஷ்டத்துக்கு ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்ததை எதிர்த்து பியுசிஎல் என்ற மக்கள் உரிமை அமைப்பு வழக்குப் போட்டது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது: உள்துறைச் செயலாளர்தான் உத்தரவு போட வேண்டும், அது இரண்டு மாதம்தான் செல்லும், நீட்டித்தாலும் மொத்தம் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. இப்போது தந்திச் சட்டத்தின் இடத்துக்கு 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வந்துவிட்டது, 2024 டிசம்பரில் புது விதிகளும் வந்தன. எண்கள் மட்டும் மாறவில்லை, அதே 60 நாள், அதே 180 நாள்.

அந்த நாள் கணக்கைப் பார்ப்பது யார்? நீதிபதி கிடையாது. நம் நாட்டில் ஃபோனை ஒட்டுக்கேட்க நீதிமன்ற வாரண்ட்டே தேவையில்லை. உத்தரவு போடுவது மாநில உள்துறைச் செயலாளர் என்றால், அதைச் சரிபார்ப்பது தலைமைச் செயலாளர் தலைமையில் மூன்று அதிகாரிகள் கொண்ட மறுஆய்வுக் குழு, அதாவது கோட்டையில் போட்ட உத்தரவைக் கோட்டையிலேயே இன்னொரு அறையில் பார்க்கிறார்கள். டெல்லியில் இதே வேலை அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் நடக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடினால் போதும். ஒரு கூட்டத்தில் இந்தக் குழுவின் முன் 15,000 முதல் 18,000 உத்தரவுகள் வந்து நிற்கின்றன, இது நடக்கிற காரியமில்லை என்று தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்காக மத்திய அரசே அமைத்த ஸ்ரீகிருஷ்ணா குழுவின் 2018 அறிக்கையே எழுதியது. காபி, டீ எதுவும் இல்லாமல் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் ஒரு உத்தரவுக்கு இரண்டு விநாடிகூடத் தேறாது. பெயரைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த காகிதம்.

சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. ஒரு லஞ்ச வழக்கில், தனியார் நிறுவன நிர்வாகி ஒருவரின் ஃபோனை ஒட்டுக்கேட்க 2011 ஆகஸ்டில் மத்திய உள்துறை போட்ட உத்தரவை நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார். சட்டம் கேட்கிற பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்புக் காரணமோ அங்கே இல்லை என்பது ஒன்று. ஒட்டுக்கேட்ட பேச்சுகளை மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கவே இல்லை என்பது இன்னொன்று. உத்தரவின் ஆயுள் இரண்டு மாதம், அது தப்பு என்று சொல்லப் பதினான்கு வருஷம்! இதில் கசப்பான விஷயம், அவர் மேல் வழக்குப் போட்டதால்தான் ஃபோனைக் கேட்ட சங்கதியே வெளியே வந்தது. ஆறு மாதம் கேட்டு, ஒன்றும் சிக்காமல் விட்டுவிட்ட ஆளுக்கு இந்த வாய்ப்பும் கிடையாது, ஏனென்றால் அவருக்கு விஷயமே தெரியாது.

அமெரிக்காவைத் தூக்கிப் பிடிக்கிற ஆள் இல்லை நான், ரகசிய நீதிமன்றம் வைத்து அவர்கள் அடித்த கூத்தும் ஊரறிந்தது. ஆனாலும் சாதாரண குற்ற வழக்குகளுக்கான 1968ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. உத்தரவு போடுவது நீதிபதி, அது 30 நாளுக்குத்தான் செல்லும், ஒட்டுக்கேட்பு முடிந்த 90 நாளுக்குள் "உன் ஃபோனைக் கேட்டோம்" என்று சம்பந்தப்பட்டவருக்கு நோட்டீஸ் போக வேண்டும். நீதிபதி நினைத்தால் அதைத் தள்ளிப்போடலாம், அந்த ஓட்டை இருக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் என்றாவது ஒருநாள் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று தெரிந்தால், கையெழுத்துப் போடுகிறவர் பேனாவை எடுக்கும்போது கொஞ்சம் யோசிப்பார் இல்லையா.

நம் விதிகளில் இருப்பது இதற்கு நேர் எதிர். தேவைப்படாத பதிவுகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழித்துவிட வேண்டும். அந்தரங்கத்தைக் காக்கத்தான் இந்த விதி, அதில் தப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்கப்பட்டவருக்குத் தகவல் சொல்லாமல் காகிதத்தையும் அழித்துவிட்டால், 61ஆவது நாளும் 181ஆவது நாளும் கேட்டார்களா என்று யார், எதை வைத்து நிரூபிப்பது? 60 நாளை 30 ஆக்கு என்று கேட்பதில் எனக்கு இப்போதைக்கு ஆர்வமில்லை. முதலில் நோட்டீஸ் வரட்டும். அழிக்கிறதை அதற்கு அப்புறம் அழிக்கட்டும்.