நெகடிவ் பார்க்க எந்தக் கண்ணாடி?

ஃபிலிம் கேமராவில் எடுத்த படங்களின் நெகடிவைப் பார்ப்பதற்கு உருப்பெருக்கி வாங்க முனைந்தபோது, கண்ணாடியைப் பாராமல் அதன்மேல் பொறித்திருந்த எண்ணைப் பார்த்து ஏமாந்தேன். சில நூறு ரூபாய்க்கு வந்த '30 எக்ஸ்' கண்ணாடியில் ஒரு முகத்தின் பாதி மட்டுமே தெரிந்தது; விளிம்பெங்கும் நிறம் பிரிந்து கலங்கியது. அளவுகோலை வைத்துப் பார்த்ததில், அது 30 மடங்கு பெருக்கவும் இல்லை.

250-ஐ லென்ஸின் மி.மீ. குவியத் தொலைவால் வகுத்தால் கிடைப்பதே உருப்பெருக்கம். 10 மடங்குக்குக் குவியத் தொலைவு 25 மி.மீ.தான் என்பதால், லென்ஸும் சிறுத்து, அதில் அடங்கும் பரப்பும் சுருங்கிவிடுகிறது. 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படம் பிடிக்கும் இடமான ஃபிரேமோ 24×36 மி.மீ.; மூலைவிட்டம் 43 மி.மீ.க்குச் சற்று மேல். நெகடிவ்களை அதே அளவில் ஒரே தாளில் அச்சிட்ட காண்டாக்ட் ஷீட்டிலுள்ள 36 படங்களில் எதைப் பெரிதாக்கலாம் என்று தேர்பவருக்கு ஃபிரேம் முழுவதும் ஒரே பார்வையில் தெரிந்தாக வேண்டும். அதற்கு 4 அல்லது 5 மடங்கே ஏற்றது. துணியின் இழை எண்ணும் மடக்குக் கண்ணாடி மலிவானதுதான், ஆனால் அதன் 1 அங்குலத் திறப்பில் ஃபிரேமின் அகலம் அடங்கும், நீளம் அடங்காது.

இதற்கெல்லாம் அலைந்த பிறகுதான், கேமராவோடு வந்த 50 மி.மீ. லென்ஸே 5 மடங்கு உருப்பெருக்கி என்பது உறைத்தது. 24×36 மி.மீ. பரப்பை மூலை வரை தெளிவாகக் காட்டவென்றே வடிவமைக்கப்பட்ட லென்ஸ் அது; அந்தத் தரத்தில் தனி உருப்பெருக்கி வாங்கப் போனால் விலை நம் கைக்கு எட்டாது. ஃபோகஸை முடிவிலியில் வைத்து, லென்ஸுக்குள் ஒளி புகும் துளையை முழுவதும் திறந்து, கேமராவில் மாட்டும் பக்கம் நெகடிவை நோக்கியிருக்குமாறு பிடித்து, முன்பக்கம் வழியாகப் பார்க்க வேண்டும். நிக்கான் எஃப் வகை லென்ஸென்றால் அந்த அடிப்பக்கம் நெகடிவிலிருந்து 46.5 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். கேமராவுக்குள் ஃபிலிம் இருக்கும் தொலைவும் அதுவே.

அந்த உயரத்தைக் கையால் நிலைநிறுத்துவது கடினம் என்பதால் இரண்டு குழாய்கள் செய்துகொண்டேன். நெகடிவுக்குக் கறுப்பு அட்டைக் குழாய். பக்கவாட்டு வெளிச்சத்தை அது தடுத்துவிடும். காண்டாக்ட் ஷீட்டுக்கோ வெளிச்சம் மேலிருந்து தாளில் விழ வேண்டியிருப்பதால், தண்ணீர் பாட்டிலை வெட்டிச் செய்த ஒளி புகும் குழாய். வெட்டிய விளிம்பு ஃபிலிமைக் கீறிவிடும் என்பதால், நெகடிவை உறையிலிருந்து எடுக்காமலே பார்ப்பது நல்லது.

நெகடிவுக்கு அடியிலிருந்து வெளிச்சம் தரும் ஒளிப்பலகைக்குப் பதிலாகக் கைப்பேசியின் வெண்திரை போதும். ஆனால் நெகடிவை நேரே அதன்மேல் வைத்தால் படத்தோடு திரையின் புள்ளிகளும் பெருகித் தெரியும். இடையில் ஒரு பால்நிற அக்ரிலிக் துண்டைச் சற்று உயர்த்தி வைத்தபின் அந்தப் புள்ளிகள் மறைந்தன.

படம் கூர்மையாக விழுந்திருக்கிறதா என்று கண்ணின் இமைமயிர் வரை சோதிக்க 8 மடங்குக் கண்ணாடி உதவும். அதை இன்னும் நான் வாங்கவில்லை.