டேக் எல்லாம் எங்கே போச்சு?

சப்வெர்ஷன், கிட் இரண்டும் நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவிகள். பழைய சப்வெர்ஷன் களஞ்சியத்தை கிட்டுக்கு மாற்றிய ராத்திரி, டேக் பட்டியலைக் கேட்டேன், அதாவது ஒவ்வொரு வெளியீட்டுக்கும் போட்ட பெயர் அடையாளங்களை. ஒன்றுகூட இல்லை. பதினொரு வருட வெளியீடுகள்! வயிற்றைக் கலக்கிவிட்டது.

அப்புறம்தான் உறைத்தது. சப்வெர்ஷனில் டேக் என்று தனியாக எதுவும் கிடையாது. டிரங்கை (முதன்மை நிரலை) டேக்ஸ் அடைவுக்குள் நகலெடுத்து வைப்பதுதான் டேக். வெறும் வழக்கம், பூட்டு எதுவும் இல்லை. உள்ளே போய் யாரும் கமிட் செய்யலாம், அதாவது புது மாற்றத்தைப் பதியலாம். எங்கள் 2.3 வெளியான பிறகு அதே டேக்கில் ஒரு கோப்பைத் திருத்தியிருந்தார் ஒரு புண்ணியவான். இதனால்தான் மாற்றித்தரும் கருவியான கிட்-எஸ்விஎன் இவற்றை, நகராத டேக்காக இல்லாமல், மாறக்கூடிய ரிமோட் கிளைகளாகவே கொண்டுவருகிறது.

கிளை ஒவ்வொன்றையும் படித்து நிஜ டேக் போட நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதினேன். கமிட்டர் தேதிக்கான சூழல் மாறியை (பழைய தேதியை கிட்டுக்குச் சொல்லும் அமைப்பை) வைக்க மறந்ததால், 2009 வெளியீடுகூட இன்று போட்டதாகக் காட்டியது. அழித்துவிட்டு மறுபடி ஓட்டினேன்.

சரி, முடிந்தது என்று புஷ் செய்தால், அதாவது சர்வருக்கு அனுப்பினால், அங்கே மறுபடியும் டேக் பூஜ்யம். டேக்ஸ் என்று தனியாகச் சொன்னால்தான் அவை போகுமாம். இரண்டு வாரம் கழித்து யாரோ சப்வெர்ஷனில் 4.1-ஐ நகர்த்த, என் கிட் டேக் பழைய இடத்திலேயே நின்றது. பழைய சப்வெர்ஷன் களஞ்சியத்தை அன்றே படிக்க மட்டும் என்று பூட்டச் சொல்லிவிட்டேன்.